கல்லோ, காலோ

இரவு ஒன்பதரைக்கு முதல் தடவை விழுந்தது.
கேர்னலைக் கட்டிக்கொண்டிருந்த கம்பைலர்
நானூற்றுப் பன்னிரண்டாவது கோப்பில்
ஒரே வரி சொல்லிவிட்டுச் செத்தது:
சிக்னல் பதினொன்று.

என் பிழைதான் என்று எண்ணினேன்.
பழகிப்போன எண்ணம்.
அரைப்புள்ளி, அடைப்புக்குறி
எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பார்த்தேன்.
மறுகா ஓடவிட்டேன்.
அந்தக் கோப்பை ஒன்றுமே நடக்காததுபோல் தாண்டிப் போய்
ஆயிரத்து எழுபதில் விழுந்தது.
மறுகா.
இம்முறை அறுபதிலேயே.

ஒரே இடத்தில் தடுக்கினால் கல்.
இடம் மாறி மாறித் தடுக்கினால்
கால்.

நாவற்குடாவில் கச்சான் வீசும் மாதம்.
ஜன்னலை மூடினால் பெட்டி வேகும்.
திறந்தால் பகலில் புழுதி வரும்,
இரவில் கடல் வரும், உப்பாக, சத்தமில்லாமல்.
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறியின் இதழ்களில் ஒரு வருடத்துத் தூசி,
அதற்குள் ஒரு பல்லி முட்டை ஓடு.
தொண்ணூற்றொரு பாகை.
துடைத்து, பசை மாற்றி,
மேசை மின்விசிறியை நேரே அதன் நெஞ்சுக்குத் திருப்பிவைத்தேன்.
ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.
ஐம்பத்தெட்டிலும் விழுந்தது.

பவர் சப்ளையை
பக்கத்து வீட்டுக் கேம் விளையாடும் பொடியனிடம்
இரவல் வாங்கி மாற்றினேன்.
'நாளைக்குப் பின்னேரம் வேணும் அக்கா' என்றான்.
அன்றிரவே திருப்பிக் கொடுத்தேன்.
அதுவும் இல்லை.

பிறகு மெம்டெஸ்ட்.
நீலத் திரையில் எண்கள் ஏறின.
முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுத்தம்.
இரண்டரை மணிக்கு
திரும்பவும் என்னையே சந்தேகிக்கத் தொடங்கினேன்.
நான்காவது சுற்றில்,
காத்தான்குடிப் பக்கமிருந்து சுபஹு பாங்கு கேட்கும் நேரம்,
ஒரு சிவப்பு வரி.
நானூற்றுச் சொச்சம் கோடி அறைகளில் ஒன்றில்
பூச்சியத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால்
ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

போனில் படம் எடுத்துக்கொண்டேன்.
யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயத்தில்.

இரண்டு றாம்.
ஒன்றுக்கு நகப்பூச்சால் பொட்டு வைத்தேன்.
தனித்தனியாக, குழி மாற்றி,
மகளின் அழிறப்பரால் பொன் பற்களைத் தேய்த்து,
இன்னும் இரண்டு இரவுகள்.
பிழை குழியோடு நிற்கவில்லை,
பொட்டு வைத்தவளோடேயே போனது.

'இந்த வகை இப்ப வாறல்ல தங்கச்சி,'
ஈச்சமர வீதிக் கடையில் இஹ்திஷாம் நானா சொன்னார்.
'கொழும்புக்குச் சொல்லிவிடுறன். ரெண்டு கிழமை எடுக்கும்.'
எனக்குத் திங்கட்கிழமை தவணை.

வந்து, புட் வரியில் எழுதினேன்:
இந்த முகவரியைச் சுற்றி நாலு கிலோபைட்,
இனி யாரும் போக வேண்டாம்.
அறை இருக்கும். தட்டுபவர் இருக்கமாட்டார்.

ஓடவிட்டேன்.
அறுபது. நானூற்றுப் பன்னிரண்டு.
ஆயிரத்து எழுபது தாண்டும்போதுதான்
நிரூஜனின் ஞாபகம் வந்தது.

இது அவனுடைய பெட்டி.
வேலையை விட்டுப் போனபோது மலிவாக வாங்கினேன்.
'அக்கா, ஒருக்கா ஓடுது, ஒருக்கா ஓடுதில்ல,
நான் ஒண்டும் மாத்தவே இல்ல' என்று
மூன்று மாதம் சொன்னான்.
நான்தான் அவனுக்கு மேலே இருந்தவள்.
'உங்கட கோட்டைப் பாருங்க' என்றேன்.
பார்த்தான். ராத்திரி ராத்திரியாகப் பார்த்தான்.
கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்,
ஒரு பிட்டுக்காக.

இப்போது செங்கலடியில் போன் கடை வைத்திருக்கிறான்.

சிவப்பு வரிப் படத்தை அனுப்பினேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
எதுவும் எழுதவில்லை.
பார்த்துவிட்டான், குறி நீலமானது.
மேலே 'எழுதுகிறார்' என்று வந்தது,
நின்றது,
மறுகா வந்தது.

கம்பைலர் மூவாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.