சம்பந்தமில்லை

பெருங்குடி சிக்னலில் முழங்கால் தண்ணீர்.
இரவு ஷிஃப்ட் வேன் நகரவில்லை.
பின்சீட்டிலிருந்து ஹெப்சிபா புதிர் போட்டாள்:
"தினமும் ராத்திரி
வீட்டை வெளியே பூட்டிவிட்டு
உள்ளே தூங்குகிறான் ஒருவன். ஏன்?
ஆமா, இல்லை, சம்பந்தமில்லை.
மூன்றே பதில்தான் என்னிடம்."

தூக்கத்தில் நடப்பானா?
இல்லை.
பேய் பயமா?
இல்லை.
பின்வாசல் உண்டா?
ஆமா.
மனைவி?
"ஒழுங்காகக் கேள்."
மனைவி இருக்கிறாளா?
சம்பந்தமில்லை.

திருடனுக்குப் பயந்தா என்று
முகில் இரண்டாம் முறை கேட்டான்.
வைப்பர்கூட
இல்லை இல்லை என்றே தலையாட்டியது.

கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல்
டிரைவர் டில்லிபாபு கேட்டார்:
"கடன்காரன் வருவானா, மேடம்?"

"ஆமா!"
கைதட்டினாள் ஹெப்சிபா.
ஒரே கேள்வியில்! சூப்பர்ணே!

அவர் முதல் கியரைத் தேடினார்.
வண்டிச் சாவியோடு கோத்திருந்த
திண்டுக்கல் பூட்டின் சாவி
கனமாக ஆடியது.

எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க
என்று வாயெடுத்தேன்.
ஆமா இல்லை என்று
சொல்லிவிடக் கூடிய கேள்வியல்ல அது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு
வேன் மெல்ல நகர்ந்தது.
"அடுத்தது போடு" என்றான் முகில்.