புரட்டாசி, மூன்றாம் சனி

பீடோர் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஆ மொய் கடையில் வாத்து பொரிகிறது.
சோயா வாத்துதான்.
இறகு பிடுங்கிய புள்ளிகூட வைத்திருக்கிறார்கள் தோலில்.

மச்சான் குணாளன் தட்டைத் தள்ளினான்:
"பேரைச் சொன்னாலே விரதம் போச்சு."
காலையில் ரொட்டி தெலூர் தின்றவன்.
கேட்டால், கோழி சாகலையே என்கிறான்.

பூண்டு போடவில்லையா என்றேன்.
ஆ மொய் ஒரு மாதிரி பார்த்தாள்.
அவளுக்கு வெங்காயமே கவுச்சி.

வீட்டில் திலகா
பெலாச்சானை மூன்று பிளாஸ்டிக்கில் சுற்றி
குசினி மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள், ஒரு மாதத்துக்கு.
கங்கோங் வதக்கும்போது
அது வாசனையாய் இறங்கி வந்து நிற்கும்.
பையனுக்கு மட்டும் நெத்திலி சம்பல்.
சின்னவன், கணக்கில் வரமாட்டான்.

நான் எதுவும் சொல்வதில்லை.
பதினேழாம் நம்பர் காட்டில்
செம்பனைக்கு ஒரு கட்டியாய்
எலிமருந்து வைப்பது என் வேலை.
சனிக்கிழமையும் உண்டு, அரை நாள்.
வாயோரம் ரத்தம் காய்ந்து கிடந்ததைக்
காலால் புல்லுக்குள் தள்ளிவிட்டு
சவர்க்காரம் போட்டுக்
கை கழுவித்தான் வந்தேன்.

வாத்து வந்தது.
ஓரத்தில் எண்ணெய் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.
நல்ல தெளிந்த எண்ணெய்.
போத்தலில் ஒரு பச்சை இலைப் படம்.