அறுபத்தெட்டாவது நெடுக்கு

தண்ணீர்ப் பண்டிகைக்கு நாலு நாள் பேப்பர் வராது என்று
ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார்கள்.
குறுக்காக எழுபது, நெடுக்காக அறுபத்தெட்டு,
எல்லாம் சிலேடை.
பரிசு ஐந்நூறு கியாட்.
ரங்கூன் முப்பதாம் தெரு மாடியில் நாங்கள் இருவர்,
பென்சில் ஒன்று,
பேச்சு இல்லை.

பெகுவுக்கு மாற்றல் கேட்டு
அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.
ரயில்வே சரக்கு ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்.
மீன்காரிக்குத் தெரியும்.
எனக்கு மீன்காரி சொன்னாள்.

காலையில் தைரியநாதன் குறுக்கே போவார்.
அவர் குளிக்கப் போனதும் நான் நெடுக்கே இறங்குவேன்.
மேசையில் பென்சிலை வைக்கிற சத்தம்தான்
உன் முறை என்பதற்கு.

கப்பலின் முன்பாதி மூழ்கிற்று, மிச்சம் கடிக்கிறது:
பல் என்று எழுதியிருந்தார், அழுத்தி.
மணமகள் கழுத்தில் பொழுது சாய்கிறது:
மாலை. அது சுலபம்.
ஈசன் ஏறுவான், மாணவன் எழுதுவான், விருந்தாளி பெறுவான்:
இதில் எனக்கு ஒரு பகல் போயிற்று.
அந்தோணியாரின் அற்புதங்கள் அத்தனையும் தெரியும்,
ஈசனின் காளைக்கு இப்படி ஒரு பேர் உண்டென்று
எங்கள் ஜெபப் புத்தகத்தில் போடவில்லை.
விடை என்று விழுந்ததும்
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
அடுப்பிடம் சொன்னேன்.

மனம் கொம்பை நீட்டினால் பேச்சில்லை, மூன்றெழுத்து.
இதை அவர் தொடவே இல்லை.
தெரியாமலா?
நானும் தொடவில்லை.
இரண்டு நாள் அந்த மூன்று கட்டமும்
வெள்ளையாகக் கிடந்தன எங்களுக்கு நடுவில்.

உடல் நீண்டால் பிணக்கு.
இதை மட்டும் உடனே நிரப்பினேன்,
ஊ ட ல்,
ஊவின் சுழியைக் கட்டத்துக்கு வெளியே இழுத்து.

மூன்றாம் நாள் தெருவில் லாரி, தகர டிரம், பாட்டு,
நனையாத மனுஷன் ஒருவன் கிடையாது.
பால்கனியில் பிரம்பு நாற்காலி மேல் பேப்பர்.
எதிர்வீட்டு மா தின் ஞோவின் பையன்
மூங்கில் பீச்சாங்குழலைத் தூக்கிக் குறி பார்த்தான்.
அவரைத்தான் பார்த்தான்.
அவர் குனிந்துவிட்டார்.

காப்பியிங் பென்சில். ஈரம் பட்டதும்
அவர் எழுத்து என் எழுத்து என்றில்லாமல்
பக்கம் முழுக்க ஊதா பூத்தது.
குறிப்புகளின் கடைசி மூலை கூழாகி
என் விரலோடு வந்துவிட்டது.

அறுபத்தெட்டாவது நெடுக்கு. மூன்று கட்டம்.
குறுக்கிலிருந்து வந்த ட, அதன் கீழே ல்.
முதல் கட்டத்துக்கு அக்கம்பக்கம் யாருமில்லை.
குறிப்பும் இல்லை.

"கடல்," என்றார்.
மூன்று நாளில் முதல் சொல்.
"மடல்," என்றேன். "ஆபீசுக்கு எழுதுவார்களே, அது."
"பாடல்."
"குடல். உங்கள் குடலில் என்ன இருக்கிறதென்று
மீன்காரிக்குத்தான் தெரியும்."
சிரித்தார். புரையேறும்வரை சிரித்தார்.
நான் முதுகைத் தட்டவில்லை,
தண்ணீர்ச் செம்பை மட்டும் நகர்த்தினேன்.
தேடல், வாடல், ஆடல்.
இன்னொன்று இருந்தது, மதுரையின் பழைய பெயர்.
இருவருக்கும் தெரியும்.
அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

"கிணறு இருக்காம் பெகு வீட்டில்," என்றார்.
"வேண்டாம் என்பாயோ என்று..."
"கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்."

கடலையே எழுதி,
வெயிலில் காயவைத்துக் கத்தரித்தோம்.
விட்டுப்போன மூன்று கட்டத்தை
நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல
அவர் எழுதினார், மௌனத்தை.

அடுத்த வாரம் பேப்பரில் விடை வந்தது: திடல்.
எங்கள் வாயில் வரவே இல்லை அந்தச் சொல்.
ஐந்நூறும் மோல்மீனில் ஒரு மரக்கடை கணக்கருக்கு.

பாத்திரங்களை வைக்கோல் வைத்துக் கட்டும்போது கேட்டேன்:
"வீட்டுக்கு எதிரே என்ன?"
"பார்க்கவில்லையே," என்கிறார்,
மாற்றல் எழுதிக் கொடுத்த மனுஷர்.