ஏழுக்குள்

மாக்ஸி ஊர்த் தீயணைப்பு நிலையத்தில்
சிவப்பு வண்டிகளை வெயிலில் நிறுத்திவிட்டு
மடக்கு மேசைகள் போட்டிருக்கிறார்கள்.
பதினோராவது மேசையில்
நானும் ரூஃபினோ பாரியன்டோஸும்.
நடுவில் உப்பில்லாத பிஸ்கட்,
துப்புவதற்கு ஒரு வாளி.
இதுவரை யாரும் துப்பவில்லை.

பன்னிரண்டாவது புட்டிக்குப் பெயர் கிடையாது.
மூடியில் மார்க்கரால் நானூற்றுப் பதினேழு.
அமெரிக்கன் ஸ்ட்ராங் ஏல், ஹாப்ஸ் தூக்கலாக
என்றது சீட்டு.
காய்ச்சியவருக்குக் கை தாராளம்.

ஊற்றினேன்.
தேய்த்த செம்பின் நிறம்,
விரல் பருமனுக்கு நுரை;
இறங்கும்போது கிளாஸின் உட்சுவரில்
படிப்படியாய் ஒட்டிக்கொண்டு இறங்கியது.
தோற்றத்துக்கு மூன்றுக்கு மூன்று.
அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

மூக்கருகே கொண்டுபோனதும்
யாரோ என் முகத்துக்கு நேரே
கிச்சிலித் தோலைப் பிதுக்கினார்கள்.
பிறகு மழையில் நனைந்த பைன் பட்டை.
அதற்கும் அடியில் வெங்காயத் தாளின் ஒரு கீற்று,
அழையாமல் வந்த விருந்தாளி போல ஓரமாக.
பன்னிரண்டுக்குப் பதினொன்று போட்டேன்.

ரூஃபினோ சுழற்றினார், கையால் மூடினார்,
திறந்து முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார்.
நான்கு என்று எழுதினார்.

"நான்கா?"
"வறுத்த ரொட்டி இருக்கிறது. பாகு.
கொஞ்சம் உலர்ந்த அத்தி.
வேறொன்றும் இல்லை."

வேறொன்றும் இல்லையா!
புட்டிப் பெட்டியோடு போன லெவர்ன் கூட
நின்று திரும்பிப் பார்த்தாளே.

முதல் மிடறு நல்ல பிள்ளையாக உள்ளே வந்தது.
நடு நாக்கைத் தாண்டியதும்தான் சுயரூபம்:
பம்பளிமாஸின் வெள்ளைச் சவ்வைக்
கடித்துவிட்டால் வருமே, அந்தக் கசப்பு.
தொண்டையில் இறங்கியும் போகாமல்
கதவில் சாய்ந்து பேசிக்கொண்டே நிற்கிற கசப்பு.
பின்னாலேயே சாராயச் சூடு, மார்புக்குள்
ஒரு சின்ன அடுப்பு.

என் கூட்டல் நாற்பத்திரண்டு.
அவருடையது இருபத்தொன்பது.
இருவருக்கும் இடைவெளி
ஏழுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.
தலைமை நடுவர் ஆர்டித் க்வில்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

ரூஃபினோ சட்டைக் கையைச் சுருட்டினார்.
முழங்கை வரை கொடி கீறிய கோடுகள்,
சில பழையவை, சில இன்னும் சிவப்பு.
"ஆகஸ்ட் இருபதிலிருந்து உலர்த்தும் சூளையில்
இரவு வேலை. பத்தொன்பதாவது அறுவடை.
என் தலையணை இந்த வாசனை.
வண்டி சீட், மனைவியின் கூந்தல்,
குழந்தையின் பால்புட்டி, எல்லாம் இதுதான்.
உன் வீட்டு வாசனை உனக்குத் தெரியுமா?"

குறையாகச் சொல்லவில்லை.
மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

"ஆனால் நாக்கு இன்னும் என்னுடையதுதான்.
விழுங்கிய பிறகு பத்து வரை எண்ணு."

எண்ணினேன்.
ஏழில் வந்தது:
மழையில் கிடந்த அட்டைப்பெட்டி.
கிச்சிலியும் பைனும் போட்ட கூச்சலில்
நான் கேட்காமல் விட்டது.
மூடியை இறுக்கும்போது காற்று புகுந்திருக்கிறது.

நாற்பத்திரண்டை அடித்து முப்பத்தெட்டு.
அவர் இருபத்தொன்பதை அடித்து முப்பத்துநான்கு.
"உன் மூக்குக்காக ஐந்து" என்றார்.
"சரி, சொல். எப்படி மணக்கிறது?"

கிச்சிலி, பைன் பிசின் என்று ஆரம்பித்தேன்.
"அது எங்கள் மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது."

கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தேன்.
"பூட்டிய காரில்
மூன்று நாள் மறந்துபோன ஆரஞ்சு.
கதவைத் திறக்கிறோம். கோபம் வர வேண்டும்.
வரவில்லை."

சிரித்தார்.
நான்கை ஐந்தாகத் திருத்தினார்.
அந்த ஒன்று பியருக்கா எனக்கா
என்று நான் கேட்கவில்லை.

சராசரி முப்பத்தாறரை.
அரை எதற்கு என்றாள் ஆர்டித்.
ரூஃபினோ அதற்குள்
பதின்மூன்றாவது மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.