நாற்பத்திரண்டு பக்கங்கள்

உபி தொழிற்பேட்டையில் ஆறாவது மாடி.
ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்கான் கிடையாது.
கப்பல் சரக்கு கம்பெனியின்
பதினேழு பிரிண்டர்களை மேய்க்கும் பழைய பெட்டி
விசிறி தேய்ந்து இருமிக்கொண்டிருக்கிறது.
பக்கத்தில் புதியது,
இன்னும் பிளாஸ்டிக் உறை வாசத்தோடு.

வெள்ளி மாலை ஆறு பத்துக்கு எடுத்த குளோன்.
டிரைவர்கள், வரிசைகள், கடவுச்சொற்கள்,
யார் வண்ணத்தில் அச்சடிக்கலாம்
யார் கூடாது என்ற பட்டியல்,
எனக்கு முன்னால் இருந்த எவனோ
‘தொட்டால் தொலைந்தாய்’ என்று பெயரிட்ட ஃபோல்டர்
எல்லாம் துளி சிந்தாமல் வந்துவிட்டன.
“அரை மணி நேர வேலைதான்” என்றான் ஹைருல்,
தன் விடுப்பை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு.

புதியதை எழுப்பினேன்.
எழுந்ததும் அது தன்னைப் பழையது என்றே நம்பியது.
அதே பெயர், அதே முகவரி.
ஒரே பெயரைக் கூப்பிட
இருவரும் ‘உள்ளேன் ஐயா’ என்றார்கள்.
மூன்றாம் மாடி பிரிண்டர்
யாருக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல்
வெற்றுத்தாள் ஒன்றைத் துப்பியது.
பழையதன் கேபிளை உருவினேன்.

அப்புறம் லைசென்ஸ்.
வட்டு அதேதான், ஆனால்
மதர்போர்டு அது இல்லையாம்.
சாவியை மூன்று முறை அடித்தேன்,
மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்லி.
உதவி எண்ணில் பதிவு செய்த குரல்
திங்கள் முதல் வெள்ளி வரை என்றது,
அதையே மாண்டரினிலும் சொன்னது.
நினைவு மொத்தமும் பெயர்ந்து வரலாம்,
எலும்பு மாறக் கூடாது.
என் எஸ் பாஸ் ஞாபகம் வந்தது.
அதுவும் ஒரு முதலாளியின் பெயரோடு பிணைத்ததுதான்.
நினைப்பை அங்கேயே நிறுத்திவிட்டுக் கீழே போய்
கோப்பி ஓ கோசோங் வாங்கி வந்தேன்.

பதினான்கு நாள் தற்காலிகமாக ஓடலாம்
என்றொரு சின்ன வாசல் இருந்தது.
குனிந்து நுழைந்தேன்.

கடைசி வேலை, கணக்குப் பார்ப்பது.
பழையதில் 861204.
புதியதில் 861162.
மறுபடி கூட்டினேன்.
நாற்பத்திரண்டு பக்கம் உதைத்தது.

குளோன் எடுத்த பிறகும்
பழைய பெட்டி ஒரு நாள் வாழ்ந்திருக்கிறது.
சனி இரவு ஒன்பது நாற்பது.
ஓங் பீ ஹுவா, கணக்குப் பிரிவு.
ஒரே பக்கம், நாற்பத்திரண்டு பிரதி.
கோப்பின் பெயர் சீனத்தில் இருந்திருக்க வேண்டும்,
பதிவேட்டில் ஆறு வெறும் சதுரங்கள்.

மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன்.
தட்டில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது,
ஓரம் மடங்கியதால் விட்டுப் போனது.
ஒரு கிழவரின் படம்,
சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்.
பிடோக் நார்த், புளோக்கின் கீழ்த்தளம்.
செவ்வாய் காலை மண்டாய்.
சட்டை என்ன நிறமோ, சாம்பலாக இருந்தது.
பீ ஹுவா ‘கூடாது’ பட்டியலில் இருக்கிறார்.

மேலே வந்து
அவர் பெயருக்கு நேரே வண்ணத்துக்கு டிக் போட்டேன்.
இனி எதற்கு என்று எனக்கும் தெரியும்.
காரணம் கேட்டது,
நிரப்பாமல் விடாத கட்டம்.
‘இடமாற்றம்’ என்று எழுதினேன்.

நாற்பத்திரண்டைக் கையால் ஏற்ற
இன்னொரு கட்டமும் இருக்கிறது.
பக்கத்துக்கு ஆறு காசு,
மாதக் கடைசியில் பிரிவுத் தலைவருக்குப் போகும் கடிதம்.
கர்சர் அதில் கொஞ்ச நேரம் துடித்தது.

பழைய பெட்டியின் பொத்தானை
ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தேன்.
விசிறி நிற்க அதைவிட நேரமானது.