நாள் ஒத்துவரவில்லை

கருங்கலில் இரவுப் பணி.
மூன்று மணிக்கு மேல் யாரும் வருவதில்லை,
வந்தால் நெஞ்சுவலி, இல்லையென்றால் பைக்.
மருந்துச்சீட்டின் பின்பக்கம்
ஏழு ஊர்களை எழுதி வைத்திருக்கிறேன்.
ஏழும் என்னை நேரில் பார்க்கவேண்டுமாம்.

டெட்ராய்ட், டொலீடோ, கிளீவ்லாண்ட்
மூன்றும் பேருந்து தூரம்.
நாகர்கோவில், நெல்லை, கோவில்பட்டி மாதிரி என்று
தம்பி ஷிபினுக்குச் சொன்னேன்.
புரூக்ளினில் ஒரு ராத்திரி படுத்து எழும்ப
எங்கள் ஒரு மாசத்து ரப்பர் ஷீட் போகும்.
ஹூஸ்டனில் குலசேகரத்துக்காரி ஒருத்தி நர்ஸ்,
சோபா தருவாள்.
மயாமியில் ஒருவரையும் தெரியாது,
கடலைத் தவிர.
பிறகு வட டகோட்டாவில்
பெயர் வாயில் நிற்காத ஓர் ஊர்.
இரண்டு விமானம் மாறணும். ஆனால்
பத்து இடத்துக்கு எண்பது பேரைத்தான் கூப்பிடுகிறார்கள்,
ஓட்டலும் அவர்கள் செலவு.

"எண்பதில் ஒண்ணு நீங்களா டாக்டரே?"
சிஸ்டர் ரெக்சலின் ஊசி எண்ணிக்கொண்டே கேட்டாள்.
"மைனஸ் இருபதாம். தாங்குவீங்களா?"

பரீட்சைகள் ஏற்கெனவே
அம்மாவின் வளையல் நான்கையும் தின்றிருந்தன.
சபைப் பெண்கள் சீட்டும் எடுத்தாகிவிட்டது.

நவம்பர் கடைசியில் அந்தக் காற்று வந்தது.
விடிந்தபோது திருவட்டாறு பக்கம் எங்கள் விளையில்
முந்நூறில் நூற்று நாற்பத்தொரு மரம்
ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தது.
சில சிரட்டைகளில் பால் இன்னும் இருந்தது,
மழைத்தண்ணீர் கலந்து.

ஒன்பது நாள் கரண்ட் இல்லை.
பத்தாம் நாள் மார்த்தாண்டத்தில்,
பாதி கட்டிய மேம்பாலத்துக்கடியில்,
ஜெனரேட்டர் வைத்த கடையில் இருபது ரூபாய்க்கு
போனுக்கு உயிர் வந்தது.
புரூக்ளினில் நான் குறிக்காமல் விட்ட நாட்களெல்லாம்
நிறைந்துபோயிருந்தன. வருந்துகிறார்கள்.
ஓர் ஊரைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம்.
நிம்மதியாக இருந்தது என்று சொன்னால்
அம்மா என்னை அடிப்பாள்.

அப்பா தடி வியாபாரியிடம் பேசினார்.
எல்லாருக்கும் மரம் விழுந்திருந்ததால்
விலையும் விழுந்திருந்தது.
சாயங்காலம் வந்து உட்கார்ந்து,
பனியன் ஈரத்தோடு, கேட்டார்:
"எந்த ஊருக்கு எத்தன மரம்? சொல்லு பிள்ளே."

டெட்ராய்ட் போக வர நூறு.
பேருந்துகளுக்கு ஆறு.
வட டகோட்டா முப்பத்தொன்று.
ஹூஸ்டனுக்கு இருபத்திரண்டு, சோபா போக.
மயாமியை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
மீதி நாலு மரத்தில்
நான் சாப்பிடவேண்டும்.

"அப்ப அந்தச் சோபாக்காரி?"
"வேண்டாம்பா. அங்க ஆயிரம் பேரு போவாங்க."
ஆயிரம் என்பது நானாகச் சொன்ன கணக்கு.
எனக்கு நிஜமாகத் தெரியாது.

ராத்திரி டியூட்டி அறையில் இருந்து எழுதினேன்:
அழைப்புக்கு மிக்க நன்றி,
குறித்த நாள் எனக்கு ஒத்துவரவில்லை.
ஹூஸ்டனுக்கு ஒன்று. மயாமிக்கு அதையே, பெயரை மாற்றி.
நாள் ஒத்துத்தான் வந்தது.
நாட்களுக்கு என்ன, எங்களிடம் நிறைய உண்டு.

கோட்டு அத்தானுடையது.
கோவிலில் மோதிரம் மாற்றிய அன்று போட்டது,
அதற்குப் பிறகு பீரோவில்.
தோளையும் கையையும் பிரித்து எனக்கு அளவாக்கிய டெய்லர்
காசு வாங்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.
பையில் காய்ந்த பூவிதழ் ஒன்று இருந்தது. எடுத்துப் போடவில்லை.

மூன்றே காலுக்கு
அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பைக்கில் விழுந்தவனைத் தூக்கி வந்தார்கள்.
முட்டி கிழிந்திருந்தது, சாராய வாடை.
என்னை மேலும் கீழும் பார்த்து
"டாக்டருக்குக் கல்யாணமா?" என்றான்.

காலை நீட்டு என்றேன்.
கைமடிப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டு
நூல் கேட்டேன்.