செவ்வாய்க்கிழமைக் குளிசை

விடியப்புறம் என் கைகள் எனக்கு முன்னமே எழும்பிவிடுகின்றன.
எழும்பி, விரியமாட்டோம் என்று அடம்பிடிக்கின்றன.
இரண்டு ஏக்கர் கச்சான் பிடுங்கிய கை,
இப்போது போத்தல் மூடியோடு தோற்கிறது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. கிளினிக் நாள்.
தருமபுரத்தில் முதல் பஸ் ஏறியும்
என் நம்பர் எண்பத்தேழு.
அனுராதபுரத்திலிருந்து வரும் டொக்டர்
ஒவ்வொரு விரல் மொழியாய் அமத்திப் பார்த்தார்.
"நோகுது?" என்றார்.
"நோகுது" என்றேன்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.
துண்டில் புது மருந்து எழுதினார்.

மருந்து யன்னலில் கையை நீட்டினால்
உறை விழும், அடுத்த பெயர் கூப்பிடும்.
அன்று உறை விழவில்லை.
பக்கத்துக் கதவு திறந்தது.
"அக்கா, உள்ளுக்கு வாங்கோ."

பெயர் கேட்டு உள்ளுக்குக் கூப்பிட்டால்
பழக்கத்தில் நடுங்கும் உடம்பு இது.
கதிரையின் விளிம்பில் இருந்தேன்.

தர்மிலா, மருந்தாளர். சட்டைப்பையில் எழுதியிருந்தது.
தட்டில் நாலு மஞ்சள் குளிசை வைத்தாள்,
பயத்தம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு.
"இது கிழமைக்கு ஒருக்கா மட்டும்.
நாலும் ஒரே நாளிலை.
தினம் போட்டியளெண்டால் மருந்தே ஆளை விழுத்தும்."
உறையில் அச்சடித்த காலை, மதியம், இரவு
மூன்றையும் சிவப்புப் பேனையால் வெட்டினாள்.

"எந்தக் கிழமை எண்டால் மறக்கமாட்டியள்?"

வெள்ளி என்று வாய்க்கு வந்தது.
"விரதகாரருக்கு வெள்ளி சரிவராது.
சாப்பிட்டிட்டுப் போட்டால்தான் வயித்தைப் பிரட்டாது."

செவ்வாய் என்றேன்.
செவ்வாய் வெறுவாய், புதுசாய் ஒன்றும் தொடங்கக்கூடாது என்பார்கள்.
அவள் அதைச் சொல்லவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
மீன்காரன் வாற நாள் என்று பொய் சொல்லியிருப்பேன்.

"இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ."
ஒப்புவித்தேன்.
வாய் புண்பட்டால், காய்ச்சல் வந்தால், மூச்சு முட்டினால்
அடுத்த செவ்வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.
வியாழனுக்கு அந்தச் சின்ன விற்றமின்.
இரத்தம் குத்திப் பார்க்கத் தவணை தவறக்கூடாது.
கடையில் நோக்குளிசை வாங்க முதல் ஒரு சொல் கேட்கவேணும்.
கேட்க நம்பர், உறையின் முதுகில்.

"எப்ப சுகம் வரும், பிள்ளை?"
"ரெண்டு, மூண்டு மாசம் போகும்.
வராமலும் விடலாம் அக்கா. வராட்டி வேறை பாப்பம்."

எத்தனை மேசைகளுக்கு முன்னால் இருந்திருக்கிறேன்,
எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன்.
வராமலும் விடலாம் என்று
முகத்தைப் பார்த்துச் சொன்னது இவள்தான்.

மூன்றாம் கிழமை, சனி காலை, விடாத மழை.
விரல்கள் ஈர விறகாய் ஊதிக் கிடந்தன.
கூடப் போட்டால் கெதியாய் மாறுமென்று
வேலிக்கு அங்காலிருந்து சிவக்கொழுந்து சொன்னாள்.
உள்ளங்கையில் இரண்டு மஞ்சள்.
மற்றக் கையில் போன்.

"போட்டிட்டியளோ?"
"இல்லை. கையிலை."
"திருப்பி உறைக்குள்ளை போடுங்கோ.
நான் லைன்ல நிக்கிறன்."
அவளுக்குப் பின்னால் சனம் இரைந்தது,
யாரோ தன் நம்பரைச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.
அவள் நின்றாள்.
குளிசை விழுந்த சத்தம் கேட்டிருக்காது.
கேட்டதுபோல "ம்" என்றாள்.
டொக்டரிடம் நோவைச் சொல்லிவிட்டுத் திரும்ப எடுப்பதாகச் சொன்னாள்,
பின்னேரம் எடுத்தாள்.

இன்று எட்டாவது செவ்வாய்.
கேத்தில் கொதிக்க முதல் கை விரிந்தது.
மருந்தோ, மழை விட்டதோ தெரியாது.
கேட்கவேணும்.

பதினாறு வருடமாய்ச் செவ்வாயில் நான் சமைப்பதில்லை.
இப்போது இந்த நாலு குளிசைக்காக
ஒரு பிடி சோறு.
அதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒழுங்கையில் ஹோர்ன் சத்தம்.
முல்லைத்தீவு மீன் வான்,
ஒருநாளும் இல்லாமல் செவ்வாயில் வந்து நிற்கிறது.